மண்ணூர் லாரியும் மிரிஸ்ஸ நீலத்திமிங்கிலமும்

மண்ணூருக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கப்படாது. இருக்கு மக்களே. எங்க பக்கம் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைன்னு எங்க பார்த்தாலும் கார் ஃபேக்டரி. ஏற்றுமதி வண்டியெல்லாம் சென்னை, எண்ணூர் துறைமுகத்துல கப்பலேறும். மேற்கே போற பெரிய கப்பலுக்குப் பாக் நீரிணையில ஆழம் பத்தாது. இலங்கையைச் சுத்தி, தென்கோடி தேவேந்திர முனையைத் தாண்டித்தான் போயாகணும். நீலத்திமிங்கிலங்கள் இரை தேடுற இடமும் அதேதான்!

இந்தக் கடலுக்கு ஒரு ரத்தக் கதை உண்டு. 1960களில் சோவியத் கப்பல்கள் வட இந்துமாக்கடல்ல ஆயிரத்துக்கும் மேல நீலத்திமிங்கிலங்களைக் கொன்னிருக்காங்க, வெளியுலகுக்குக் கணக்கே காட்டாம. சோவியத் உடைஞ்ச பிறகுதான் விஷயம் வெளியே வந்துச்சு. 1979ல் சர்வதேச திமிங்கில ஆணையம் இந்துமாக்கடலைச் சரணாலயமா அறிவிச்சது. முன்மொழிஞ்சது குட்டியூண்டு நாடான சீஷெல்ஸ்!

சரணாலயம்னு பேர் வச்சாச்சு, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க வேணாமா? 1982ல் ட்யூலிப்ங்கற பாய்மரப் படகு கிளம்புச்சு. ஹால் வைட்ஹெட் குழு தேடிப்போனது ஸ்பெர்ம் திமிங்கிலத்தை. 1983ல் திருகோணமலைக்கு வெளியே கண்ணுல பட்டதோ நீலத்திமிங்கிலக் கூட்டம். அதைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பிச்ச நேரம், அதே வருஷ ஜூலைக் கலவரம், அப்புறம் போர். திருகோணமலையில சுற்றுலாவே படுத்துடுச்சு. தமிழ் பேசுற துறைமுகத்துல வளர்ந்திருக்க வேண்டிய தொழில், சுனாமிக்கப்புறம் 2000களின் பின்பாதியில தெற்கே மிரிஸ்ஸவில வேர்விட்டது. எனக்கு இதுல கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

இன்னொரு சுவாரசியம். 2003ல் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் தென்கடல்ல பார்த்தது, மிதக்கிற செக்கச்சிவந்த திமிங்கிலக் கழிவு (முகம் சுளிக்காதீங்க). இரை தேட துருவத்துக்குப் போகணும்னு புத்தகம் சொல்ற ஜீவன், இந்த வெதுவெதுப்பான தண்ணியிலயே சாப்பிடுதுன்னு அதுலதான் அவருக்குப் பொறி தட்டுச்சு.

நான் போனது ஒரு மார்ச் மாசம். காலையில ஆறரைக்குப் படகு. பாதிப் பேர் வாந்தி. மூணு மணி நேரம் கழிச்சு ஒரு நீர்ப்பீச்சு, பின்னாடியே முடிவில்லாம நீளுற சாம்பல் முதுகு, கடைசியா வால். எல்லாரும் அதைப் படம் பிடிக்க, எனக்கென்னவோ பின்னாடி வரிசையா நின்ன கப்பல்கள் மேலதான் கண்ணு. 2012 மார்ச்ல கொழும்பு துறைமுகத்துக்குள்ள ஒரு கன்டெய்னர் கப்பல், முகப்புல செத்த நீலத்திமிங்கிலத்தைச் சுமந்துகிட்டே வந்திருக்கு. மாலுமிகளுக்கு மோதினதே தெரியாதாம்.

பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினா மோதல் அபாயம் 95 சதவீதம் குறையும்னு 2016ல் வந்த ஓர் ஆய்வு சொல்லுது. 15 கடல் மைல்னா சுமார் 28 கிலோமீட்டர், மண்ணூர்லேர்ந்து கிண்டி போற தூரம்தான். 2022ல் எம்.எஸ்.சி. கம்பெனி, அரசாங்கம் சொல்லட்டும்னு காத்திருக்காம, தன் கப்பல்களை அப்படித் திருப்பிவிட்டது. நம்ம ஊர் கார்களை ஏத்திட்டுப் போற கம்பெனிகள்ல யாரெல்லாம் அந்த 28 கிலோமீட்டர் தள்ளிப் போறாங்க? ஃபேக்டரிகள்ல வேலை பார்க்கிற நண்பர்கள் யாராச்சும் விசாரிச்சுச் சொல்லுங்களேன்.