குளிரூட்டல், வளிச்சீராக்கல் தொழில் (கல்முனைக் கரையோரம்)
இலங்கையின் அம்பாறை மாவட்டத்துக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களில், மீனுக்கும் மருந்துக்கும் மனிதர்க்கும் குளிர்ச்சி அளிக்கும் யந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்க்கும் ஜீவனோபாயம். கச்சான் காற்று அனலாய் வீசும் இக்கரையில் அதன் அவசியத்தை விஸ்தரிக்க வேண்டுவதில்லை. கடற்காற்றின் உப்பு, வெளியே நிற்கும் கண்டன்சரின் அலுமினியத் தகடுகளை வெகு சீக்கிரத்தில் அரித்துவிடுமாதலால், மலைநாட்டுத் தொழிலாளி அதிகம் அறியாத சுத்திகரிப்பு வேலையும் இங்கு சேர்ந்துகொள்கிறது.

கடையொன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, ‘பாஸ்’ எனப்படும் தலைமைத் தொழிலாளி காஸ் அடிப்பதை, அதாவது வாயு நிரப்புவதை, பார்த்துப் பழகுவதே பூர்விக மார்க்கம். 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் ஏழு படிகொண்ட தேசிய தொழில் தகைமை முறையில், அவ்வாறு அநுபவத்தால் கற்றவரும் பரீட்சிக்கப்பட்டுச் சான்றிதழ் பெறலாம். நான்காம் படி, பிறர் மேற்பார்வையின்றி வேலை செய்யவல்ல கைவினைஞனுக்குரியது. வளைகுடா நாடுகளில் உத்தியோகம் தேடுவோர் அதனைப் பெரிதும் நாடுவது இயல்பே.

எனினும், கற்றது போதுமென்றிருக்க இத்தொழில் இடங்கொடாது. ஓசோன் மண்டலத்தைக் காக்க 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையை அநுசரித்து ஆர்-22 என்னும் குளிரூட்டி வாயு படிப்படியாக விலக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக வரும் ஆர்-32 மிதமாகவும், புரொப்பேனாகிய ஆர்-290 வெகு சுலபமாகவும் தீப்பற்றக்கூடியவையாதலின், குழாயிலுள்ள வாயுவை முற்றாக அகற்றாமல் பற்றவைப்புச் சுவாலையை அதனருகே கொணர்தல் பிராணாபாயமாகும்.