கவுனி தாண்டும் குடை

"குடை கவுனி தாண்டியாச்சா?"

புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் வடசென்னை வீடுகளில் இதுதான் பேச்சு. திருமலை பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்காகச் சென்னையிலிருந்து போகும் வெண்பட்டுக் குடைகளைப் பற்றிய விசாரிப்பு அது. ஆனால், கவுனி என்ற அந்த மதில் வாசல் எங்கே? யானைக்கவுனியில் போய்த் தேடினால் பாலமும் தண்டவாளமும்தான் தெரியும். வாசல் இல்லை.

குடைகள் புறப்படுவது பூக்கடை அருகே உள்ள சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து. அந்தக் கோயிலே இடம் மாறி வந்ததுதான். 'பட்டணம் கோயில்' என்ற பழைய கோயில், இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு போர் மூண்டிருந்த 1757-இல், கோட்டைக்கு ஆபத்தென்று ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, சென்னமல்லீஸ்வரர் கோயிலோடு சேர்த்து இப்போதைய இடத்தில் எழுப்பினார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பட்டணத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. அடுத்து ஹைதர் அலி பயம். 1770 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பியது. செலவை வரியாகக் குடிகள் தலையில் கட்டப் பார்த்தது. வரி வசூலாகவில்லை, 'வால்டாக்ஸ் சாலை' என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அந்த மேற்கு மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் மாடிப் பூங்காவுக்குப் போகலாம்.

அதுவரை ஆடி அசைந்து வரும் குடைகள், கவுனியைக் கண்டதும் ஓட்டமெடுக்கும். "கோவிந்தா" முழக்கம் காதை அடைக்கும். பெருமாளுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்குப் பேட்டைக்கு ஒரு கதை உண்டு. கதை எதுவானாலும், மதில் போன பிறகும் ஊரின் எல்லை எதுவென்று குடை தூக்குபவர்களின் கால்களுக்குத் தெரிகிறது. கவுனிக்கு உள்ளே இருக்கும்வரை அது பட்டணத்தின் குடை. தாண்டிவிட்டால் திருமலையின் குடை.

பிறகு சூளை, புரசைவாக்கம், அயனாவரம், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று நடை. புறப்பட்ட பதினொரு குடைகளில் இரண்டு, திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு. சாலிஹோத்திர முனிவரிடம் "படுக்க எவ்வுள்?" என்று பெருமாள் இடம் கேட்டதால் 'திருஎவ்வுள்' ஆன ஊர் இது. இடம் கேட்டு வந்தவரின் ஊரில், மலைக்குப் போகிறவருக்கும் ஒரு தங்கல்.

தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாகத்தான் வாலாஜா ரோடு போனது. ஏறினால் சில மணி நேரத்தில் திருவள்ளூர். ஆனாலும் குடை ரயிலேறவில்லை. வழியெல்லாம் வாசல் தெளித்து, கோலம் போட்டு, கற்பூரத் தட்டோடு காத்திருப்பவர்களை விட்டுவிட்டு அது எப்படி ஏறும்?

அந்த ரயில் திருவள்ளூரை என்ன செய்தது? அடுத்த வாரம்.

(தொடரும்)