உதவி வந்தது, குழாய் சேரவில்லை!

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு மோட்டார் பழுதாகிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை, "எங்க குழாயில ஹோஸ் மாட்டி எடுத்துக்கப்பா" என்றார். நல்ல மனசு. ஆனால் எங்கள் ஹோஸ் அவர்கள் வீட்டுக் குழாயில் மாட்டவே இல்லை. கடைசியில் இரண்டு நாளும் குடத்தில்தான் சுமந்தோம்.

இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இதே சிக்கல் ஒரு பெரிய நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது வந்திருக்கிறது. அதுவும் ஒரு தடவை அல்ல!

பால்டிமோர், 1904

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை, கடைவீதியில் இருந்த ஒரு மொத்த வியாபாரக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. பலத்த காற்று வேறு. தங்களால் மட்டும் முடியாது என்று புரிந்ததும் நகர அதிகாரிகள் வெளியூர்களுக்குத் தந்தி அடித்தார்கள். வாஷிங்டனில் இருந்து தீயணைப்பு எந்திரங்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பிலடெல்பியா, நியூயார்க் என்று தூரத்து ஊர்களில் இருந்தும் உதவி வந்தது. மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள்.

ஆனால் வந்தவர்களில் பலருடைய ஹோஸ் பால்டிமோரின் தெருக்குழாய்களில் சேரவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவையும் ஒரு மரையையும் வைத்திருந்தது. ஆள் இருக்கிறது, எந்திரம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. நடுவில் இருக்கும் சின்ன இணைப்பு மட்டும் இல்லை. சுமார் 30 மணி நேரம் எரிந்த தீ 1,500-க்கும் மேற்பட்ட கட்டிடங்களை அழித்தது. சுமார் 35,000 பேர் வேலை இழந்தார்கள். காற்றும், நெருக்கமான கட்டிடங்களும் பெரிய காரணங்கள்தான். ஆனாலும் வந்த உதவி முழுதாகப் பயன்படவில்லை என்பதுதான் எல்லோருக்கும் உறுத்தியது.

அமெரிக்க அரசு 1901-இல் தொடங்கிய தேசியத் தரநிலை நிறுவனம் இதை ஆராய்ந்தது. அதே 1904-இல் அந்த நிறுவனத்தின் சொந்த வளாகத்திலேயே ஒரு சிறு தீவிபத்து நடந்தது. இரண்டு கட்டிடங்களில் இருந்து ஹோஸ்களை எடுத்துவந்து இணைக்கப் பார்த்தால், ஒன்றோடு ஒன்று சேரவில்லை! நாடு முழுவதும் தேடியதில் 600-க்கும் மேற்பட்ட வகை இணைப்புகள் புழக்கத்தில் இருப்பது தெரியவந்தது. 1905-இல் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் ஒரே அளவை ஏற்றுக்கொண்டது. பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்?

ஓக்லாந்து, 1991

இப்போது 87 வருடங்கள் தாண்டி, அதே நாட்டின் மேற்குக் கரைக்கு வருவோம். 1991 அக்டோபர் 20. இதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில், முந்தைய நாள் அணைத்ததாக நினைத்த தீ காற்றில் மறுபடி கிளம்பியது.

கலிபோர்னியா ஒன்றும் அசட்டையாக இருந்த மாநிலம் அல்ல. ஊர்கள் ஒன்றுக்கொன்று உதவவேண்டும் என்ற ஒப்பந்தம் அங்கே 1950-லேயே போடப்பட்டது. 1970-இல் நடந்த பெரும் காட்டுத்தீக்களில் 16 பேர் இறந்த பிறகு, பல ஊர்ப் படைகள் ஒரே இடத்தில் வேலை செய்தால் யார் தலைமை, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லாவற்றுக்கும் பொது முறை வகுத்தார்கள். அதுவரை ஒரே பொருளுக்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பெயர் சொல்லும், ஒரு துறையின் ரேடியோ இன்னொரு துறைக்குக் கேட்காது.

அப்படியும் 1991-இல் என்ன ஆனது? ஓக்லாந்தின் தெருக்குழாய்களுக்கு 3 அங்குல இணைப்பு, வெளியூர்களில் வழக்கத்தில் இருந்ததோ இரண்டரை அங்குலம். உதவிக்கு வந்த வண்டிகளுக்கு நடுவில் மாட்ட அடாப்டர் தேவைப்பட்டது. ரேடியோ அலைவரிசைகள் நெரிந்து திணறின. மின்சாரம் போனதால் மேட்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளும் நின்றன. குறுகிய மலைச்சாலைகளில் தப்பி ஓடியவர்களின் கார்கள் சிக்கிக்கொண்டன. 25 பேர் இறந்தார்கள், சுமார் 3,000 வீடுகள் போயின.

ஆக, 1905-இல் எழுதிய விதி காகிதத்தில்தான் இருந்திருக்கிறது. ஏன்? ஒரு ஊரின் எல்லாக் குழாய்களையும் மாற்றுவதற்குப் பணம் வேண்டும். தீ இல்லாத நாளில் அந்தச் செலவு வீண் செலவாகத் தெரியும். தீ வந்த நாளில் மாற்ற நேரம் இருக்காது. இதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பட்ட முக்கியமான பாடம்.

இதற்குக் கலிபோர்னியா கண்ட மருந்து கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1992-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பேரிடர் நேரத்தில் பொது முறையைப் பின்பற்றும் உள்ளாட்சிகளுக்குத்தான் பணியாளர் செலவை மாநில அரசு திருப்பித் தரும் என்று அது சொன்னது. புத்திமதி செய்யாததைப் பணம் செய்தது!

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பே உண்டு. 1970 தீக்குப் பிறகு உருவான அந்தப் பொதுத் தலைமை முறை 2004-இல் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. அதையே நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி, நமது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் பொறுப்பு அதிகாரி கலெக்டர். தீயணைப்பு, காவல், மருத்துவம், உள்ளாட்சி என யார் வந்தாலும் ஒரே தலைமையில் இணையவேண்டும்.

எச்சரிக்கையிலும் இதே கதைதான். வானிலைத் துறை ஒரு வடிவத்தில் எழுதி, டி.வி. இன்னொரு வடிவத்தில் மாற்றி, செல்போன் நிறுவனம் மூன்றாவதாக மாற்றினால் நேரம் போய்விடும். அதனால் எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடிய ஒரே எச்சரிக்கை வடிவம் 2004-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. இந்தியாவின் எச்சரிக்கை அமைப்பும் அதைத்தான் பயன்படுத்துகிறது. 2023-இல் நம் செல்போன்கள் திடீரென்று அலறி, இது வெறும் சோதனைச் செய்தி என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் நாங்கள் எல்லோரும் பயந்து, பிறகு கிண்டல் செய்து சிரித்தோம்.

இப்போது யோசித்தால், அது சிரிக்கவேண்டிய விஷயம் இல்லை என்று தோன்றுகிறது. ஹோஸ் குழாயில் சேருகிறதா என்று மாட்டிப் பார்க்கவேண்டிய நாள் அதுமாதிரி ஒரு சாதாரண நாள்தான். தீ எரியும் நாள் அல்ல.

எங்கள் வீட்டு மோட்டார் சரியாகிவிட்டது. அதோடு மறந்துவிடாமல், கடைக்குப் போய் அத்தை வீட்டுக் குழாய்க்குப் பொருந்தும் இணைப்பு ஒன்றும் வாங்கி, மாட்டிப் பார்த்துவிட்டேன். சேர்ந்தது!