பசை என்று ஒதுக்கப்பட்ட அணுக்கள்: மூளை வளர்ச்சி ஆராய்ச்சியின் வரலாறு

மலர்க்குழுவினர் என்னிடம் வழக்கமாகக் கல்வெட்டு, சமணக் கோயில், ஏலக்காய் வணிகம் என்று ஏதாவது எழுதச் சொல்வார்கள். இந்த முறை நானே கேட்டு வேறு பொருள் எடுத்துக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு நின்று, குமுளியில் மளிகைக் கடை வைத்து அறுபதைக் கடந்தவன். மூளையைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்கு என் பேத்தியே காரணம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், பாலக்காட்டில் இருக்கும் என் மருமகளுக்கு 29-ஆம் வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. இரவோடு இரவாக வாளையார் தாண்டிக் கோவைக்குக் கொண்டுபோனோம். குழந்தை 1,200 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சில வாரம் கழித்துத் தலையை ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "மூளையோட வெள்ளைப் பகுதியில கொஞ்சம் பாதிப்பு இருக்குங்க ஐயா. நரம்புக்கு உறை போடுற கிளியா செல்லுங்க இந்த மாசத்துலதான் வளரும். இப்ப ரத்த ஓட்டம், ஆக்சிஜன் குறைஞ்சா அதுங்கதான் முதல்ல அடிபடும்" என்றார். என் மனைவி வெளியே வந்து, "கிளின்னாரே, எந்தக் கிளிங்க?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்று தோன்றியது.

பெயர் வந்த கதை

மூளையில் இரண்டு பெரிய வகை அணுக்கள் உண்டு. செய்தியை மின்துடிப்பாகக் கடத்துபவை நியூரான்கள். அவற்றைச் சூழ்ந்திருப்பவை கிளியா அணுக்கள். 1856-இல் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ இந்தச் சூழ்பொருளுக்கு 'நியூரோகிளியா' என்று பெயர் வைத்தார். கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. நரம்புகளை ஒட்டவைத்து இடைவெளியை அடைக்கும் பொருள் என்றே அவர் எண்ணினார். அந்தப் பெயரே ஒரு தீர்ப்பைப் போல நூறு ஆண்டுக்கு மேல் நின்றுவிட்டது.

1873-இல் இத்தாலியின் கமில்லோ கால்ஜி, மிலான் நகருக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் சமையலறையையே சோதனைச்சாலை ஆக்கி, வெள்ளி உப்பைக்கொண்டு மூளை அணுக்களைக் கறுப்பாகத் துலக்கிக் காட்டினார். அந்த முறையைச் செம்மை செய்து ஸ்பெயினின் சாந்தியாகோ ராமோன் இ கஹால் நியூரான்களைத் தனித்தனியாக வரைந்தார். 1906-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கஹாலின் வழிவந்த பியோ டெல் ரியோ ஒர்டேகா 1919-இல் மைக்ரோகிளியாவையும், 1921-இல் ஒலிகோடெண்ட்ரோகிளியாவையும் பிரித்துக் காட்டினார். என் பேத்தியின் தலையில் அடிபட்டவை இந்த இரண்டாம் வகையின் இளங்குருத்துகள். நரம்பிழையைச் சுற்றி, மின்கம்பிக்கு உறை போட்டது போல, கொழுப்பு உறை சுற்றுவது அவற்றின் வேலை. உறை சரியாக இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், காலும் கையும் சொன்னபடி கேட்காது.

ஒரு நியூரானுக்குப் பத்து கிளியா என்று பாடநூல்கள் வெகுகாலம் அச்சிட்டுவந்தன. 2009-இல் பிரேசிலில் சுசானா எர்குலானோ ஹூசல் குழுவினர் எண்ணிப் பார்த்ததில், மனித மூளையில் நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற அணுக்களும் ஏறக்குறைய அதே அளவு என்று தெரிந்தது. எடை போடாமல் கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். விஞ்ஞானத்திலும் அது நடந்திருக்கிறது.

தாங்கு மரமும் கொடியும்

நம்ம இடுக்கி மலையில் மிளகுக்கொடி எப்படி ஏறுகிறது? முள்முருங்கையை நட்டு அதன்மேல் ஏற்றுகிறோம். கருவில் இருக்கும் மூளையிலும் இதுதான் நடக்கிறது. உட்சுவரிலிருந்து வெளிப்பரப்பு வரை 'ரேடியல் கிளியா' என்னும் நீண்ட இழைகள் நிற்கும். உள்ளே பிறக்கும் இளம் நியூரான்கள் அந்த இழையைப் பற்றிக்கொண்டே மேலே ஏறித் தம் இடத்தில் அமரும். பாஸ்கோ ராக்கிச் என்பவர் குரங்குக் கருவின் மூளையில் இதைக் கண்டு 1972-இல் விளக்கினார்.

அப்போதும் கிளியாவைத் தாங்கு மரம் என்றுதான் சொன்னார்கள். 2000, 2001 ஆண்டுகளில் ஜெர்மனியில் மக்டலேனா கெட்ஸ் குழுவும், அமெரிக்காவில் அர்னால்ட் கிரீக்ஸ்டைன் குழுவும் எலிக் கருக்களில் ஆராய்ந்தபோது, ரேடியல் கிளியாவே பிளந்து நியூரான்களைப் பெற்றெடுக்கிறது என்று புலப்பட்டது. கொடி ஏறும் மரமே கொடியையும் ஈன்றிருக்கிறது! படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே 2001-இல் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரஸ் குழுவினர் நியூரான்களைத் தனியாகவும் கிளியாவோடு சேர்த்தும் வளர்த்துப் பார்த்தார்கள். சேர்த்து வளர்த்தவற்றில் நியூரானுக்கு நியூரான் இணைப்புகள் சுமார் ஏழு மடங்கு கூடின. வாழ்நாள் முழுக்க இந்த ஒதுக்கப்பட்ட அணுக்களுக்காக வாதாடிய பாரஸ் 2017-இல் காலமானார். வளரும் மூளையில் தேவைக்கு மிஞ்சிய இணைப்புகளைக் கத்தரிப்பதில் மைக்ரோகிளியாவுக்குப் பங்கு உண்டு என்பதும் பின்னர் எலிகளில் தெளிவாயிற்று.

நம் நாட்டில்

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. ஒரே தாயணு முதலில் நியூரானையும் பிறகு கிளியாவையும் பெறுகிறது. எப்போது மாறுவது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபா தோலே குழுவினர் எலிக்கருவின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் ஆராய்ந்து 2011-இல் ஒரு விடை தந்தார்கள். எல்.எச்.எக்ஸ்-2 என்னும் மரபணுவை நீக்கினால் தாயணு அவசரப்பட்டுக் கிளியாவைப் பெறத் தொடங்குகிறது. அதைக் கூட்டினால் நியூரான் பிறப்பு நீள்கிறது. ஆக, கருவுக்குள் ஒரு முறைவரிசை இருக்கிறது, காலம் தவறினால் கணக்கு தவறும். தோலே அம்மையாருக்கு 2014-இல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

நம் சென்னையிலும் ஒன்று நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் கருமூளை வரைபடத்தை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையான ஐந்து கருமூளைகளை மெல்லிசாக நறுக்கி, 5,132 துண்டுகளைப் படமாக்கி, உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ரேடியல் கிளியா வழியே நியூரான்கள் ஏறும் காலம் அதற்குள் அடங்கும். பிறவாமல் போன சிசுக்கள் அவை. துக்கத்தின் நடுவிலும் சம்மதம் கொடுத்த பெற்றோரை நான் கும்பிடுகிறேன்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, ஆறாவதாக மனத்தை வைத்தார். எங்கள் பவணந்தி முனிவர் நன்னூலில் ஐந்தறிவோடு நிறுத்திக்கொண்டார். சின்ன வயதில் அப்பா இதைச் சொல்லி, எந்த உயிரையும் அற்பம் என்று எண்ணாதே என்பார். பசை என்று எண்ணப்பட்டவை அந்த ஆறாம் அறிவின் இருப்பிடத்தையே கட்டுகின்றன என்று அறிந்தபோது அப்பா நினைவுதான் வந்தது.

ஒரு வாக்குமூலம்

கருவில் முதல் பாதிக் காலம் குழந்தைக்கு வேண்டிய தைராய்டு சுரப்பு பெரும்பாலும் தாயிடமிருந்தே போகிறது. நியூரான் இடம்பெயரவும், ஒலிகோடெண்ட்ரோசைட் உறை சுற்றவும் அந்தச் சுரப்பு வேண்டும். அது உண்டாக அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாள் ஒன்றுக்கு 250 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்கும் தடையை மத்திய அரசு 2000-இல் விலக்கி, 2006 மே மாதம் மறுபடி கொண்டுவந்தது. அந்த இடைக்காலத்தில் நான் குமுளிக் கடையில் மூட்டை மூட்டையாக வெறும் கல்லுப்பு விற்றேன். கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்கள் ஒரு ரூபாய் குறைந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். "பாக்கெட் உப்பு என்னத்துக்கு அண்ணாச்சி, ரெண்டும் கரிக்கத்தானே செய்யுது" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அளந்து போட்டேன். அவர்களில் கர்ப்பிணிகள் எத்தனை பேரோ. சட்டப்படி குற்றம் இல்லைதான். தெரியாமல் செய்தது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதும் உண்மை.

அதனால் நம் குடும்பங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டில் மருமகளோ மகளோ உண்டாகியிருந்தால் அயோடின் உப்பையே வாங்குங்கள், காற்றுப் போகாத டப்பாவில் வையுங்கள். முதல் மாதங்களிலேயே தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். மாதம் நிறையும் முன் வலி கண்டால், "விடியட்டும் பார்க்கலாம்" என்று உட்காராதீர்கள். தோட்டத்துக்குப் போகும் பெண்களிடமும் இதைச் சொல்லுங்கள், மலர் அவர்கள் கைக்குப் போகாது.

பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டு வயதுக்கு மேல்தான் நடந்தாள், இடது காலை இன்னும் லேசாக இழுத்து வைக்கிறாள். வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு நான்தான் அழைத்துப்போகிறேன். போன மாதம் வாசல் படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறினாள்.