புண்ணை மூடி வைத்தால் ஆறிவிடுமா?



எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், "அந்தக் காலத்துக் கொடுமையையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லாதீங்க, பழைய புண்ணைக் கிளறாதீங்க" என்று உருகி உருகிச் சொன்னார்கள். அம்மா, வயிற்று வலி என்று டாக்டரிடம் போனால் அவர் முதலில் என்ன கேட்கிறார்? "எத்தனை நாளா வலிக்குது?" அங்கேயே வரலாறு ஆரம்பமாயிடுச்சே! (சிரிப்பு) "பழசை ஏன் டாக்டர் கிளறுறீங்க" என்று யாராவது சண்டைக்குப் போகிறோமா?

நடுவர் அவர்களே, ஒருநாள் வகுப்பிலே வைக்கம் போராட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "கோயிலுக்குள்ள போறதுக்குத்தானேய்யா போராடினாங்க?" என்றான். "இல்லப்பா, கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவில நடக்கிறதுக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. தெருவில நடக்க ஒரு போராட்டமா! ஆமாம் ஐயா, மாடு நடந்த தெரு, நாய் நடந்த தெரு. மனிதன் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள்!

1924 மார்ச் 30. அந்தப் பலகையைத் தாண்ட மூன்று பேர் புறப்பட்டார்கள். குஞ்ஞப்பி, புலையர். பாகுலேயன், ஈழவர். மூன்றாமவர் கோவிந்தப் பணிக்கர், நாயர். அந்தத் தெரு அவருக்குத் திறந்தே கிடந்தது! ஆனால் கூட வந்தவர்களுக்கு இல்லாத தெரு தனக்கு எதற்கு என்று நின்றார். அவரும் சிறைக்குப் போனார். (கைதட்டல்)

ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். இரண்டு முறை சிறை. நாகம்மையாரும் போனார். மன்னத்து பத்மநாபன் தலைமையிலே உயர்சாதியினரே, "தெருவைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்டு வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்தார்கள். திருவிதாங்கூர் சட்டசபையிலே வாக்கெடுப்பு. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு ஓட்டு! 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோதும் மூன்று பக்கத் தெருதான் திறந்தது. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைச் சொன்னால் பகை வளரும் என்கிறார்கள். கொடுமையை மறைத்தால் கோவிந்தப் பணிக்கரும் சேர்ந்தல்லவா மறைந்துபோவார்! அந்த 22 பேருக்காக இன்றைய பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை. நாளைக்கு ஒரு அநியாயம் வந்தால் அந்த 21 பேர் பக்கம் நிற்கக் கற்றுக்கொண்டால் போதும். கதையே தெரியாதவன் எந்தப் பக்கம் நிற்பான்?

வகுப்பே சிரித்தது என்றேனே, ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகு தனியாக வந்தான். "ஐயா, எங்க தாத்தா ஊர்த் தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கையில எடுத்துக்குவாராம். எங்க அப்பா இதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாரு, அவமானமாம். இன்னைக்குத்தான் ஐயா புரிஞ்சுது, அவமானம் எங்களுக்கு இல்லைன்னு."

முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், நடுவர் அவர்களே. அகநானூறு சொன்னேன், புறநானூறு சொன்னேன். இந்தப் பையன் தலைநிமிர வேண்டிய பாடத்தை இத்தனை நாள் சொல்லாமல் விட்டேனே என்று அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன்.

மூடி வைத்த புண் ஆறாது, சீழ்தான் பிடிக்கும். கழுவினால் எரியும், ஆனால் ஆறும். எரியும் என்பதற்காகக் கழுவாமல் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன்.