கிளம்பும்போது தெரியும் குடும்பம்: கபூர்களும் கெண்டல்களும்

சினிமாக்காரர்களின் சுயசரிதையைவிட நாடகக்காரர்களின் நினைவுக் குறிப்புகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். சினிமாக்காரரிடம் காட்டுவதற்குப் படங்கள் இருக்கின்றன. நாடகக்காரரிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மேடையில் செய்தது அன்றிரவே கரைந்துவிடுகிறது. அதனால் அவர்கள் ரயில் பயணத்தை எழுதுகிறார்கள். சாப்பாட்டை, கடனை, எந்த ஊரில் யார் வீட்டில் தங்கினார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதையெல்லாம் எழுதுகிறார்கள். படித்து முடிக்கும்போது நாடகத்தைவிட அதைச் சுற்றி வாழ்ந்த மனிதர்கள்தான் மனதில் தங்குகிறார்கள்.

கொஞ்ச நாளாக பிருத்விராஜ் கபூர், ஜெஃப்ரி கெண்டல் என்ற இருவரின் குடும்பங்களைச் சுற்றி எழுதப்பட்ட புத்தகங்களுக்குள்தான் கிடக்கிறேன். ஜெஃப்ரி 1986இல் எழுதிய 'தி ஷேக்ஸ்பியர் வாலா'. அவருடைய இளைய மகள் ஃபெலிசிடி 1998இல் எழுதிய 'ஒயிட் கார்கோ'. மூத்த மருமகன் சசி கபூர், தீபா கெலாட்டுடன் சேர்ந்து 2004இல் கொண்டுவந்த 'தி பிருத்விவாலாஸ்'. இவற்றோடு, பிருத்வி குழுவில் பதினான்கு வருடம் இருந்த ஸோரா சேகலின் நினைவுகள். ஆட்கள் வேறு, கோபங்கள் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்றுதான்: குடும்பம்.

என் தலைமுறைக்கு இந்தச் சொல்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்' என்று டவுன்ஹாலில் யாராவது மைக் பிடித்துச் சொன்னால், பின்வரிசையில் ஒருத்தன் மெதுவாக ரெஸ்யூமை அப்டேட் பண்ண ஆரம்பிப்பான். அப்படிச் சொன்ன ஒரு நிறுவனத்தில், அடுத்த காலாண்டிலேயே என் பக்கத்து இருக்கை காலியானதைப் பார்த்திருக்கிறேன். மதியம் ஐ.டி. கார்டு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்தப் புத்தகங்களை ஒரே ஒரு கேள்வியோடுதான் படித்தேன். வேலை செய்யும் இடம் உண்மையிலேயே குடும்பமாக இருக்க முடியுமா? இருந்தால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

*

பிருத்விராஜ் கபூர் 1944இல் பம்பாயில் பிருத்வி தியேட்டர்ஸைத் தொடங்கினார். 'தியேட்டர்ஸ்' என்று பெயரில் இருந்தாலும் சொந்தமாக ஒரு கட்டடம் கிடையாது. ஊர் ஊராகப் போகும் குழு. சினிமாவில் நடித்துச் சம்பாதித்ததை நாடகத்தில் போட்டார். ஏறக்குறைய எல்லா நாடகத்திலும் முக்கிய வேடம் அவருக்குத்தான். பிற்பாடு இந்தி சினிமா இசையையே மாற்றிய சங்கரும் ஜெய்கிஷனும் அந்தக் குழுவில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். மகன்கள் ராஜ், ஷம்மி, சசி மூவருமே அங்கே வேலை பார்த்தார்கள். கடைக்குட்டி சசி உதவி மேடை நிர்வாகியாக இருந்தார். முதலாளி மகன்தான், ஆனாலும் வேலை திரைச்சீலைக்குப் பின்னால்.

1945இல் போட்ட 'தீவார்' நாடகத்தில், அந்நியர் பேச்சைக் கேட்டு அண்ணன் தம்பி வீட்டின் நடுவே சுவர் எழுப்புகிறார்கள். பிரிவினைக்கு இரண்டு வருடம் முன்பே எழுதிய கதை. 1947இல் 'பட்டான்'. அதில் ஒரு முஸ்லிம் பட்டானும் ஓர் இந்துவும் நண்பர்கள். நண்பனின் மகனைக் காப்பாற்றுவதற்காகத் தன் மகனையே பலி கொடுக்கிறார் பட்டான். பஞ்சாப் பற்றி எரிந்த ஆண்டில் இதை மேடை ஏற்றியவர் பெஷாவரிலிருந்து வந்த ஓர் இந்து நடிகர். இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான நட்புக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்ற கேள்வியை அவர் சும்மா கேட்கவில்லை.

நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாசலில் போய் நிற்பார். தலை குனிந்து, கையில் ஒரு ஜோலியை, அதாவது துணிப்பையை, விரித்துப் பிடித்திருப்பார். வெளியே போகிறவர்கள் முடிந்ததைப் போடுவார்கள். அகதிகளுக்கும் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கும் போகும் காசு அது. சொந்தக் குழுவே கடனில் தள்ளாடியபோதும் அடுத்தவருக்காகப் பை விரித்த மனிதர். குழுவில் எல்லாருக்கும் அவர் 'பப்பாஜி'.

ஸோரா சேகல் 1945இல் இந்தக் குழுவுக்கு வந்தார். உதய்சங்கரிடம் நடனமாடி உலகம் சுற்றியவர், அல்மோராவில் அவருடைய கலை மையத்தில் கற்றுக்கொடுத்தவர். இங்கே கதாநாயகி அவருடைய தங்கை உஸ்ரா. அக்காவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் துணை வேடங்கள். இந்த வருத்தத்தை ஸோரா மூடி மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். பப்பாஜியைக் கொண்டாடுகிறார், அதே மூச்சில் கிடைக்காத வேடங்களின் கணக்கையும் வைத்திருக்கிறார். குடும்பம் என்றால் மனக்குறையே இருக்காது என்று யார் சொன்னது? குறையைச் சொல்லிவிட்டும் மறுநாள் காலை அதே ரயிலில் ஏற முடிந்தால், அது குடும்பத்தின் லட்சணம்தான்.

*

கெண்டல் குடும்பம் வேறு மாதிரி. ஜெஃப்ரியின் உண்மையான குடும்பப் பெயர் பிராக். பிறந்த ஊரான கெண்டலின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், ராணுவத்தினருக்கு நாடகம் போட வந்த குழுவோடு இந்தியாவுக்கு வந்தார். வந்தவருக்கு ஊர் பிடித்துப்போயிற்று. மனைவி லாரா லிடெல், மூத்த மகள் ஜெனிஃபர், இவர்களோடு இன்னும் சில நடிகர்கள். 'ஷேக்ஸ்பியரானா' என்ற பெயரில் பள்ளிக்கூடம், அரண்மனை, கொட்டகை என எங்கே கூப்பிட்டாலும் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டார்கள். 1946இல் பிறந்த ஃபெலிசிடி ஒன்பது மாதக் குழந்தையாகவே மேடைக்கு வந்துவிட்டார், யாரோ தூக்கிக்கொண்டு வரும் சிறுவன் வேடத்தில்.

இந்தக் குடும்பத்தில் மகள் என்றால் நடிகை. நடிகை என்றால் உடை தைப்பவள், பெட்டி கட்டுபவள். வீடு என்று தனியாக ஒன்று இல்லை, அடுத்த ஊர்தான் வீடு. ஜெஃப்ரிக்கு இது தியாகமாகத் தோன்றவே இல்லை. இதைவிட நல்ல வாழ்க்கை இருக்க முடியும் என்றே அவர் நினைக்கவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

1956, கல்கத்தா. பதினெட்டு வயது சசி திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்வையாளர்களைப் பார்க்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தது ஜெனிஃபர். சசியைவிட ஐந்து வயது மூத்தவர். சசி இந்தக் கதையைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். காதலுக்காக ஷேக்ஸ்பியரானாவிலேயே சேர்ந்து நடிக்கவும் செய்தார். ஜெஃப்ரிக்கு இது பிடிக்கவில்லை. நிறமோ மதமோ காரணம் என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடலாம். புத்தகங்களைப் படித்தால் அதைவிட நேரடியான ஒரு பயம் தெரிகிறது. ஜெனிஃபர் போனால் மகள் மட்டுமா போகிறாள்? குழுவின் முதன்மை நடிகையும் போகிறாள். ஜூலியட் இல்லாமல் எந்த ஊருக்குப் போவது?

சிங்கப்பூர்ப் பக்கம் குழு சுற்றிக்கொண்டிருந்தபோது இருவரும் விலகினார்கள். ஊர் திரும்பக் கையில் காசில்லை. சசி அண்ணனுக்குத் தகவல் சொல்ல, ராஜ் கபூர் டிக்கெட் அனுப்பினார். 1958 ஜூலையில் கல்யாணம்.

என் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைத்தது. குடும்பம் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தை, ஒருவர் உள்ளே வரும்போது எப்படி வரவேற்கிறார்கள் என்பதை வைத்து எடை போடக் கூடாது. கிளம்பும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு தந்தைக்கு மகளின் புறப்பாடு துரோகமாகப் பட்டது. இன்னொரு வீட்டிலிருந்து விமான டிக்கெட் வந்தது.

*

இதை வைத்து ஜெஃப்ரியை வில்லனாக்கிவிட்டுப் போய்விடலாம். அது நியாயமாகாது. அவருடைய குழுவில் நடித்து, பிறகு விலகிப் போனவர்களில் உத்பல் தத் ஒருவர். கல்கத்தாவில் கல்லூரி மாணவராக நடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டவர் ஜெஃப்ரி. வங்க நாடக மேடையின் பெரும் ஆளுமையாக வளர்ந்த பிறகும் உத்பல், ஜெஃப்ரியைத் தன் ஆசான் என்றே சொன்னார். நைனிதாலில் பள்ளி மாணவனாக ஜெஃப்ரியின் நடிப்பைப் பார்த்து நடிகனாக வேண்டும் என்று முடிவெடுத்த பையன் ஒருவன் உண்டு. அவன் நஸீருத்தீன் ஷா. ஒரே நாளில் வந்து போகும் நாடகக்காரரால் இவ்வளவு முடியும் என்றால், கூடவே இருந்த மகள்களிடம் அவர் எவ்வளவு எதிர்பார்த்திருப்பார்!

1965இல் வந்தது 'ஷேக்ஸ்பியர் வாலா' படம். இயக்கம் ஜேம்ஸ் ஐவரி, இசை சத்யஜித் ராய். ஜெஃப்ரியின் நாட்குறிப்பிலிருந்து பிறந்த கதை. சினிமா வந்த பிறகு பார்வையாளர்களை இழக்கும் ஓர் ஆங்கில நாடகக் குழு. ஜெஃப்ரியும் லாராவும் குழுவை நடத்தும் தம்பதியாக, ஃபெலிசிடி அவர்கள் மகள் லிஸ்ஸியாக நடித்தார்கள். லிஸ்ஸியைக் காதலித்துவிட்டுக் கல்யாணம் செய்யாமல் நழுவும் பணக்கார இளைஞனாக சசி. உத்பல் தத் மகாராஜாவாக வந்தார். ஜெனிஃபருக்குச் சின்ன வேடம்.

தன் குழுவை அழிந்துகொண்டிருக்கும் கூட்டமாகக் காட்டியது ஜெஃப்ரிக்கு வருத்தம். எனக்கு வேறொன்று உறைத்தது. படத்தில் பெற்றோரே மகளை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றுகிறார்கள். நிஜத்தில் ஃபெலிசிடி கிளம்பியபோது ஜெஃப்ரிக்கு அதில் சம்மதமில்லை. கேமரா முன்னால் மகளை வழியனுப்பத் தெரிந்தவருக்கு வாசலில் அது முடியவில்லை. ஃபெலிசிடி லண்டன் போய், 1975இல் தொடங்கிய 'தி குட் லைஃப்' தொலைக்காட்சித் தொடரால் பெரிய நட்சத்திரமானார். 'ஒயிட் கார்கோ'வை அவர் எழுதியது, பக்கவாதத்தால் பேச்சு நின்றுபோன தந்தையின் கட்டில் அருகே இருந்த நாட்களை மையமாக வைத்துத்தான். பதில் சொல்ல முடியாத தந்தையிடம் மகள் பேசும் புத்தகம் அது. எதையும் மன்னித்துவிட்டதாக அறிவிப்பதில்லை. ஆனால் பயணங்களை ஒன்றுவிடாமல் சொல்கிறது. ஜெஃப்ரி அந்த ஆண்டே காலமானார்.

*

பிருத்வி தியேட்டர்ஸ் 1960இல் மூடப்பட்டது. பப்பாஜியின் குரலும் உடம்பும் ஒத்துழைக்கவில்லை, பணமும் இல்லை. 1972இல் அவர் இறந்தார். ஜுஹுவில் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த இடம் கைவிட்டுப் போகாமல் குடும்பம் அதை வாங்கியது. எழுபதுகளில் சசி ஒரே நாளில் பல படப்பிடிப்புகளுக்கு ஓடினார். அண்ணன் ராஜ் அவரை 'டாக்ஸி' என்று கிண்டல் செய்தார். யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம், மீட்டர் ஓடும்! அந்த மீட்டர் காசில்தான், அப்பா செய்த அதே காரியத்தை மகன் செய்தார். 1978 நவம்பர் 5 அன்று ஜுஹுவில் பிருத்வி தியேட்டர் திறந்தது. வேத் சேகன் வடிவமைத்த கட்டடம். மூன்று பக்கமும் பார்வையாளர்கள், சுமார் இருநூறு இருக்கைகள். முதல் நாடகம் ஜி.பி. தேஷ்பாண்டேயின் 'உத்வஸ்த தர்மசாலா'. மேடையில் அதே நைனிதால் பையன், நஸீருத்தீன் ஷா.

அதை நடத்தியவர் ஜெனிஃபர். அப்பாவின் நாடகக் குழுவை விட்டு வெளியேறிய மகள், மாமனார் பெயரில் ஒரு நாடக அரங்கை உருவாக்குகிறார். சின்னக் குழுக்களும் கொடுக்கக்கூடிய வாடகை, நேரத்துக்குத் தொடங்குதல், தாமதமாக வந்தால் உள்ளே விடாமை. இந்தக் கண்டிப்பு யாரிடமிருந்து வந்திருக்கும்? வீட்டை விட்டுக் கிளம்பியபோது ஜெனிஃபர் தொழிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1981இல் சசி தயாரித்து அபர்ணா சென் இயக்கிய '36 சௌரங்கி லேன்'. கல்கத்தாவில் ஷேக்ஸ்பியர் கற்றுக்கொடுக்கும் தனிமையான ஆங்கிலோ-இந்திய ஆசிரியையாக ஜெனிஃபர். முதியோர் இல்லத்தில் இருக்கும் அவருடைய அண்ணனாக ஜெஃப்ரி. கால் நூற்றாண்டுக்கு முன்பு பிரிந்த தந்தையும் மகளும், அதற்குக் காரணமான மருமகனின் தயாரிப்பில், அண்ணன் தங்கையாக. சமாதானம் பேசியிருப்பார்களா, எப்போது பேசியிருப்பார்கள் என்றெல்லாம் ஆராயத் தேவையில்லை. நடிகர்களுக்கு ஒரே காட்சியில் நிற்பதே பேச்சுவார்த்தைதான்.

1984 செப்டம்பரில் ஜெனிஃபர் புற்றுநோயால் இறந்தார். வயது 51. சசி அதிலிருந்து மீளவே இல்லை என்று அவரை அறிந்த எல்லாரும் சொல்கிறார்கள். அரங்கைப் பிள்ளைகள் எடுத்து நடத்தினார்கள்.

ஸோராவும் உஸ்ராவும் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது. தங்கை பாகிஸ்தான் போய்விட்டார், அக்கா இந்தியாவில். 'தீவார்' நாடகத்துச் சுவர் அந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 1993இல் இருவரும் 'ஏக் தி நானி' என்ற நாடகத்தில் மறுபடி ஒரே மேடை ஏறினார்கள். அப்போது ஸோராவுக்கு எண்பத்தொன்று. இந்த முறை துணை வேடம் என்று அவர் குறைப்பட்டிருக்க மாட்டார்.

ஜெனிஃபரின் பிறந்தநாள் பிப்ரவரி 28. அவர் மறைவுக்குப் பிறகு, வருடா வருடம் அந்த நாளில் பிருத்வி அரங்குக்கு ஜாகிர் உசேன் வந்து தபலா வாசிப்பார். உலகின் பெரிய அரங்கங்களெல்லாம் அழைத்த கலைஞர், இருநூறு பேர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பார். பல பத்தாண்டுகளாக இது நடந்தது. அவருக்கு ஜெனிஃபர் ரத்த சொந்தம் இல்லை, அவர் அந்த அரங்கின் ஊழியரும் இல்லை. 2024 டிசம்பரில் ஜாகிரும் போய்விட்டார். நாற்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு தேதியை ஒருவர் இப்படி நினைவில் வைத்திருந்தால், அந்த உறவுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஹெச்.ஆர். கையேட்டில் தேடிப் பயனில்லை.