கூவம்: ஒரு நதி வசைச்சொல் ஆன கதை



‘கூவத்தை நாறடித்தவர்கள் கரையில் குடிசை போட்டவர்கள்தான். அவர்களைக் காலி பண்ணினால் ஆறு சுத்தமாகிவிடும்’ என்று நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுத, பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு ஆண்டு இல்லாமல் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். கூவம் என்பது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். தேவாரத்தில் அதன் பெயர் திருவிற்கோலம், சம்பந்தர் பாடிய தலம். திருவேற்காடும் இதே ஆற்றங்கரைதான். ஆற்றின் நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதில் மாநகருக்குள் ஓடுவது நாலில் ஒரு பங்குதான்.

1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பை உண்டாக்கியது. அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. கூவம் வளைந்து போகும் இடமாகப் பார்த்து அமைத்தார்கள். துணி வெளுக்கவும் சாயம் தோய்க்கவும் நல்ல தண்ணீர் வேண்டாமா? பக்கத்துக் கோமளீஸ்வரன்பேட்டையில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அவர் மறைந்தது 1794இல். உங்களில் பலர் படித்தது அவர் பெயரில் உள்ள கல்லூரியில்தான்.

அப்படிப்பட்ட ஆறு எப்படிச் செத்தது? தலை, வாய், வயிறு என மூன்று இடத்தில் அடிபட்டது.

தலை: கொசஸ்தலை ஆற்றிலிருந்து கூவத்துக்குத் தண்ணீர் பிரிவது கேசவரம் அணைக்கட்டில். அங்கே கதவை மூடினால் தண்ணீர் பூண்டிப் பக்கம் போய்விடும். 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காக வந்தது. அதற்கும் கீழே கொரட்டூர் அணைக்கட்டு. அங்கிருந்து ஒரு கால்வாய் கூவத்துத் தண்ணீரைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொண்டுபோகிறது. இந்த ஏரிகளிலிருந்துதான் நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. ஆற்றுக்குப் போகவேண்டிய தண்ணீரை நாம் குடித்து, குளித்து, கழித்துவிட்டு, சாக்கடையாக அதே ஆற்றுக்குத் திருப்பித் தருகிறோம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களை விட்டால், நகருக்குள் கூவத்தில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான்.

வாய்: 1876இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. நம் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் கூவத்தின் முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொண்டது. நம் பக்கத்தில் கடல் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர் அளவுதான். வாயும் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வந்து எப்படிக் கழுவும்?

வயிறு: நகரம் முழுவதற்குமான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1907இல் தயாரானது. 1961இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவர்களோ 17 லட்சத்துக்கு மேல். குழாய் கொள்ளாதது எங்கே போகும்? மழைநீர் வடிகாலில் போகும். வடிகால் ஆற்றில் போய் விழும்.

இனி அளவு. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைக் கேட்கின்றன என்பதைக் கொண்டு தண்ணீரின் தரத்தைச் சொல்வார்கள். குளிக்கத் தகுந்த ஆறு என்றால் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 2022இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட அறிக்கையில் ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் அது 345. நாட்டிலேயே அதுதான் உச்சம். அவ்வளவு ஆக்சிஜன் தண்ணீரில் கரையவே முடியாது. மீன் எப்படிப் பிழைக்கும்?

திட்டங்களுக்குக் குறைவில்லை. 1967இல் அண்ணா காலத்தில் தொடங்கிய சீரமைப்பில் கரையைக் கட்டினார்கள், படகுத்துறைகள் அமைத்தார்கள். அவற்றின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். 2000 வாக்கில் 490 கோடி ரூபாய்க்கு மேல் ஒரு திட்டம், 2015 வாக்கில் 600 கோடிக்கு மேல் இன்னொன்று. தூர் வாருவதும் கரை அழகுபடுத்துவதும் கண்ணுக்குத் தெரியும். கழிவுநீர்க் குழாயை அடைப்பது தெரியாது. அதனால்தானோ என்னவோ அது பின்னுக்குப் போய்விடுகிறது.

இப்போது குடிசைக் கேள்விக்கு வருகிறேன். கரையில் வாழ்பவர்கள் குப்பையையும் கழிவையும் ஆற்றில் விடுகிறார்கள், அது உண்மை. ஆனால் தெருக்குழாயில் நாலு குடம் தண்ணீர் பிடிக்கும் வீட்டிலிருந்து எவ்வளவு கழிவுநீர் வரும்? மூன்று குளியலறையும் சலவை இயந்திரமும் உள்ள வீட்டிலிருந்து எவ்வளவு வரும்? கணக்கை நீங்களே போடுங்கள். ஆற்றின் பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தியாகிவிட்டது. 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள். வெள்ளம் வரும் கரையில் யாரும் வாழக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையும் பள்ளியும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு தரவேண்டும். அவர்கள் போன பிறகும் தண்ணீரின் நிறம் மாறவில்லை என்பதைப் பாலத்தில் நின்று யாரும் பார்க்கலாம்.

என் வகுப்புகளிலும் கரையோரப் பிள்ளைகள் இருந்தார்கள். ‘கூவம்’ என்று சக மாணவர்கள் அவர்களைக் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன், கண்டித்தும் இருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று இதைப் படிக்கிறீர்கள். ஆற்றைக் கெடுத்த பழி உங்கள் தலையில் விழவேண்டியதில்லை என்பதற்கு ஆண்டு வாரியாகச் சான்று இருக்கிறது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, மழைநீர் வடிகாலில் சேர்கிறதா, அல்லது லாரியில் போகிறதா? லாரி என்றால் அதை எங்கே கொட்டுகிறார்கள்? சங்கச் செயலாளரிடம் கேட்டு, பதிலைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மதிப்பெண் உண்டு.